அப்பாவின் மூக்கும் என் கரி அடுப்பும்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் மூக்கு மட்டும் இன்னும் எங்களோடு சேர்ந்துகொள்ளவில்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, முதுகுவலி குறைந்து நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு நிற்பதால் பாதி விஷயத்தை முழுங்கிவிடுகிறேன், அதனால்தான் இந்தக் கடிதம். பின்கட்டில் கரி அடுப்பு வாங்கி வைத்திருக்கிறோம், அதான் நீங்கள் எல்லாம் சொல்கிற பார்பிக்யூ. அப்பா படம் அனுப்பியிருப்பார். அதில் புதுக் கார் வாங்கியவர் மாதிரி அதன்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அதற்குப் பின்னால் உள்ள கதையைச் சொல்லியிருக்க மாட்டார்.

மழைக்காலத்துக் காய்ச்சலோடு எனக்கு வாசனை போனது உனக்குத் தெரியும். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவளுக்கு அதனால் ஒரு லாபம்கூட உண்டு, அந்த மருந்து நெடி இல்லாமல் நாள் ஓடிவிடுகிறது என்று உன்னிடம் சிரித்தேன். ஒரு சாயங்காலம் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்திருக்கிறது, கேஸ் அதுபாட்டுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த அப்பாவுக்கு கேட் அருகிலேயே வாடை அடித்துவிட்டது. ஓடி வந்து, கையில் ஊசியும் நூலுமாக என்னை இழுத்து வெளியே விட்டுவிட்டு, உள்ளே போய் சிலிண்டரை மூடி, ஜன்னல் கதவெல்லாம் திறந்துபோட்டார். அப்புறம் பின்வாசல் படியில் உட்கார்ந்தவர், மூடிய சிலிண்டரை மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷர், ஒரு சிலிண்டருக்கு இப்படிப் பயந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அதோடு சட்டம் வந்துவிட்டது. நான் வீட்ல இல்லாதப்போ நீ அடுப்பைத் தொடக் கூடாது என்றார். கேஸ் கசிந்தால் கத்துகிற மெஷின் ஒன்றை அவரே வாங்கிவந்து சமையலறைச் சுவரில் மாட்டினார், ஆனாலும் சட்டம் மாறவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்படின்னா நீங்க இருக்கும்போதும் தொடலங்க என்று சொல்லிவிட்டேன். அப்புறம் என்ன, ஹோட்டல் பொட்டலம், இல்லாவிட்டால் அவர் கையால் முட்டையும் ரொட்டியும். வாசனையே தெரியாத வாய்க்கு எல்லாமே அட்டையைக் கடிக்கிற மாதிரிதான் இருந்தது, சமைக்கவும் கூடாது என்றதும் சாப்பாட்டு நினைப்பே விட்டுப்போயிற்று. நீ வீடியோவில் பார்த்து, ஏம்மா இளைச்சுட்டே என்று கேட்டாயே, அது இதனால்தான். வயசு வயசு என்று அப்பா சொன்னது சும்மா.

வெளியில் அடுப்பு வைக்கலாம், திறந்த வெளியில் எதுவும் தேங்காது என்பது அவர் யோசனைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனோம். அங்கே ஒரு வரிசை கேஸ், ஒரு வரிசை கரி, மூலையில் கரன்ட்டில் ஓடுகிறது. விற்கிற பையன் நேராகப் பெரிய கேஸ் அடுப்பிடம் கூட்டிப்போய், திருப்பினா பத்திக்கும் மேடம், கையில அழுக்கே படாது என்றான். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அப்பா கேஸ் என்ற பேச்சே வேண்டாம் என்றார். ஏன் சார் என்று அவன் கேட்க, இவர் என் மூக்கின் வரலாற்றை முதலிலிருந்து எடுத்து விட்டார். எனக்கு மானம் போயிற்று. இன்னும் மைக் வெச்சு சொல்லுங்க, அந்தக் கடைசியில நிக்கறவங்களுக்குக் கேட்கல என்றேன். அந்தப் பையன் பாவம், சிரிக்கவும் முடியாமல் ஒரு மூடியைத் துடைத்துக்கொண்டே நின்றான். கோபத்தில் நானே கரி வரிசைக்குப் போய் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தேன். கடைசியில் பானை மாதிரி உருண்டையாக, மூடி போட்டதாக ஒன்றை எடுத்தேன். கீழேயும் மேலேயும் காற்றுக்குத் துளை இருக்கிறது, அதைத் திறந்தால் நெருப்பு ஏறும், மூடினால் அடங்கும். மூடியில் சூடு காட்டுகிற முள், அடியில் சாம்பல் தட்டு. ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெருசு என்றார் அப்பா. ரெண்டு பேருன்னு யார் சொன்னா என்று கேட்டேன், பர்ஸை எடுத்தார்.

அதன் பாகங்களைப் பூட்டிய கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எல்லாம் மாட்டி முடித்தபிறகு ஒரு போல்ட் மிஞ்சியது. கடைக்காரன் உபரியாகப் போட்டிருப்பான் என்றேன். லிஃப்டில் போல்ட் மிஞ்சினால் விட்டுவிடுவார்களா என்று கேட்டு முழுவதையும் கழற்றி மறுபடி பூட்டினார். மறுபடியும் அதே போல்ட் மிஞ்சியது. அடுப்போடு வந்த காகிதத்தைத் திருப்பினால் உபரி ஒன்று என்று போட்டிருக்கிறது. அப்புறம் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார், மணல் மூட்டையைத் தூக்கி வைத்து ஆடுகிறதா பார்த்தார். சுவரையும் ஜன்னலையும் கொடிக்கயிற்றையும் விட்டுத் தள்ளி, காற்று தெருப்பக்கம் போகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார். மாடியில் குடியிருக்கிற நர்ஸ் பெண்ணிடமும் கேட்டுக்கொண்டோம், ராத்திரி டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவள் ஆயிற்றே. சாயங்காலம்னா நோ ப்ராப்ளம் ஆன்ட்டி, முன்னாடியே சொல்லுங்க, துணிய எடுத்துடறேன், எனக்கும் ஒரு தட்டு வைங்க என்றாள்.

முதல் நாள் ஒன்றும் வைக்காமல் வெறுமனே கரியை எரித்து, புதுப் பூச்சின் நெடி போகவிட்டோம். மண்ணெண்ணெய் எல்லாம் ஊற்றக் கூடாது. கைப்பிடி வைத்த தகரக் குழாய் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதில் கரியைக் கொட்டி அடியில் காகிதத்தைக் கொளுத்தினால் போதும், கரி வெளுத்துச் சாம்பல் பூத்ததும் அடுப்பில் கொட்டி ஒரு பக்கமாகக் குவித்துவிட வேண்டும். அந்தப் பக்கம் சுடும், இந்தப் பக்கம் நிதானமாக வேகும். மறுநாள் சாயங்காலம் கோழியும் சோளக்கதிரும் வெங்காயமும் வைத்தேன். இங்கேதான் வேடிக்கை. கருகுகிறதா என்று எனக்கு மூக்கு சொல்லாதே, அதனால் அப்பா மோந்து பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் சமையலைப் பற்றி, போதும், இன்னும் கொஞ்சம், இந்த இரண்டைத் தவிர ஒரு வார்த்தை சொல்லாதவர். என்ன வாசனைங்க வருது என்றால், நல்லாத்தான் இருக்கு என்பார். நல்லான்னா எப்படி என்றால் திணறுவார். சோளத்துக்கு, வெயில்ல காஞ்ச சாக்கு மாதிரி என்றார். கோழிக்கு ரொம்ப யோசித்து, மோட்டார் லேசா சூடேறினா வருமே, அது மாதிரி, ஆனா நல்ல மோட்டார் என்றார். நர்ஸ் பெண் தட்டோடு படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒரு சங்கதி கண்டுபிடித்தேன் குட்டி, அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிடுகிறது. கொழுப்பு சொட்டுகிற சத்தம் மாறுகிறது, ஓரம் சுருங்கி நிறம் ஏறுகிறது. உள்ளே சமைத்த நாளெல்லாம் இதை நான் கவனித்ததே இல்லை.

போன வாரம் நடுவில், அப்பா வேலைக்குப் போயிருக்கும்போது நானாகவே மீன் வாங்கிவந்தேன். மாடியில் சொல்லிவிட்டு, வாளியில் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரியைக் கொளுத்தினேன். சட்டம் சமையலறை அடுப்புக்குத்தானே, கரிக்கு யாரும் போடவில்லை. ஆனாலும் கேட் திறக்கிற சத்தம் கேட்டதும், சண்டைக்குத் தயாராக இடுக்கியோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்தவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், காற்றுத் துளையைக் குனிந்து பார்த்தார். பையை வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் கேட்காமலே, நம்ம வீட்டு வாசனை வருது என்றார். மீனைத் திருப்பிப் போட்டேன், ஒட்டாமல் வந்தது. மறுநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டே தரையைப் பார்த்தபடி, மத்தியானம் வீட்டுக்கு வர்றப்போ உள்ளேயே ஏதாவது சூடா பண்ணி சாப்பிடு, ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீயும் அங்கே பால்கனியில் இந்த மாதிரி ஒன்று வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் கட்டடத்தில் விடுவார்களா என்று கேள். மழை வந்தாலும் சரி, குளிர் என்றாலும் சரி, கரி நெருப்பை வீட்டுக்குள் கொண்டுபோகவே போகாதே, அதன் நஞ்சு எந்த மூக்குக்கும் தெரியாது. சாம்பலை அன்றைக்கே குப்பையில் கொட்டாதே, நன்றாக ஆறட்டும். முதுகுக்குத் தலையணையை மாற்று. என்னைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்காமல் என்னையே கேள், மூக்குதான் போயிருக்கிறது, வாய் இருக்கிறது. உடம்பும் மனசும் தெம்பாக இருந்து, எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடி வரட்டும். லீவு எப்போது என்று சீக்கிரம் எழுது, அடுப்பைப் பெரிதாகத்தான் வாங்கியிருக்கிறேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா
(அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டவில்லை, அந்த மோட்டார் விஷயத்தை அவரிடம் கேட்டுவிடாதே)