சம்பளச் சீட்டை உரக்கப் படித்த பெர்னடெட்

மில்ஃபோர்க், ஒஹாயோ
நவம்பர் 17

அன்புள்ள ரஸ்,

நானும் நம் குழந்தை ஜோசியும் நலம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, முதுகு வலி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

டென்னசியில் மாநில வரியும் கிடையாது, ஊர் வரியும் கிடையாது என்று நீ அனுப்பிய சம்பளச் சீட்டின் படத்தைப் பார்த்தேன். அதே மணிக்கூலி, ஆனால் கைக்கு வருவது அதிகம். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்று இரண்டாம் தடவையாக எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் வருமான வரியை ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதமாக்க ஓட்டு வைத்தார்கள். வரி ஏறாவிட்டால் ஆம்புலன்ஸ் டிசம்பரோடு நின்றுவிடும். நான் வேண்டாம் என்று போடுவதாகத்தான் இருந்தேன். பள்ளிச் சமையலறைச் சம்பளத்தில் இன்னும் என்னத்தைப் பிடிப்பார்கள்?

அக்டோபரில், ஆம்புலன்ஸ் நிற்கும் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். குழாய்த் தொழிற்சாலை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வெல்டர் எல்வுட் ஹாட்சை உனக்குத் தெரியுமே, அவர்தான் முதலில் எழுந்தார். "பென்ஷன்காரங்களுக்கு இந்த வரி கிடையாது. அவங்க ஜோரா ஓட்டுப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. போறது எங்க சம்பளம்" என்றார். பாதிக் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அப்புறம் பெர்னடெட் சோப்சாக் எழுந்தாள். தொழிற்சாலை அலுவலகத்தில் எல்லோருக்கும் சம்பளம் போடுகிறவள். பத்தொன்பது வருஷமாக யார் வீட்டில் என்ன வருமானம் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை வெளியே விடாதவள். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "இது என் சீட்டு. உங்களோடதைப் பத்தி நான் பேசக் கூடாது. என்னோடதைப் பேசலாமில்ல" என்றாள்.

படிக்க ஆரம்பித்தாள், ரஸ். இரண்டு வாரத்துக்கு ஆயிரத்து அறுநூறு டாலர். மத்திய அரசுக்கு இவ்வளவு, முதுமைக்கால நிதிக்கு இவ்வளவு, மாநிலத்துக்கு இவ்வளவு, ஊருக்குப் பதினாறு, மருத்துவக் காப்பீட்டுக்கு இவ்வளவு, கடைசியில் கையில் இவ்வளவு. நம் ஊரில் புருஷன் பெண்டாட்டி கூட இப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

"ஊர் வரி ஏறினா எனக்கு இன்னும் எட்டு டாலர் போகும். அதைச் சின்னக் காசுன்னு நான் சொல்லமாட்டேன். எங்க வீட்டுக்கு அது ரெண்டு நாள் பாலும் ரொட்டியும். இன்னொண்ணும் சொல்லிடறேன். நம்ம நிலையத்துலேர்ந்து ஊரோட கடைசி வீட்டுக்கு ஆறு நிமிஷம். மாவட்ட ஆஸ்பத்திரிலேர்ந்து வண்டி வந்தா இருபத்தஞ்சு. மூணு தடவை நானே ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடவை ஆலங்கட்டி மழையில. எப்படி ஓட்டுப் போடணும்னு சொல்ல வரலை. எதை வேண்டாம்னு சொல்றோம்னு தெரிஞ்சு சொல்லுங்க, அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

எல்வுட் மறுபடி எழுந்தார். "ஆபீஸ்ல இருக்கறவங்க எங்களைவிட ரெட்டிப்பா வாங்கறாங்கன்னு நெனச்சேன். நீ என்னைவிடக் கம்மியா வாங்கறியே, பொண்ணே" என்றார். பிறகு தன் பர்ஸிலிருந்து தன் சீட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வரி வரியாகப் படித்தார். அவருக்குப் பின் நாலைந்து பேர் படித்தார்கள். எல்வுட் கடைசியில், "என் ஓட்டு வேண்டாம்னுதான். ஆனா இவ சொன்ன கணக்கு சுத்தம்" என்றார். அவர் பேரிலும் எனக்கு மரியாதை வந்தது.

அதன்பின் சனிக்கிழமைதோறும் பெர்னடெட் நூலகத்தில் உட்கார்ந்து, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்று போட்டுக் கொடுத்தாள். ஒரு டாலர்கூட வாங்கவில்லை. வேண்டாம் என்று போடப்போகிறவர்களுக்கும் அதே பொறுமை. நான் காபி போட்டுக் கொடுக்கப் போனேன். இப்படி ஒரு மனுஷி ஐந்து வீடு தள்ளி இருந்தும் இத்தனை வருஷம் வெறும் தலையசைப்போடு கடந்து போயிருக்கிறேன்.

பதினாலு ஓட்டு வித்தியாசத்தில் வரி ஜெயித்தது. அதில் ஒன்று என்னுடையது. ஏப்ரலில் ஜோசிக்கு மூச்சுத் திணறியபோது, கொஞ்சம் இழுப்பு, சரியாகிவிட்டது என்று உனக்குச் சொன்னேன். கொஞ்சம் இல்லை, ரஸ். உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. நீ பதறுவாய் என்று மறைத்தேன். மன்னித்துக்கொள்.

இனி நம் விஷயம். உன் சீட்டையும் பெர்னடெட்டிடம் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் பார்த்துவிட்டு, "அங்க வரி பிடிக்கலைன்னா இங்க வரி இல்லைன்னு ஆயிடாது. அவரோட நிரந்தர வீடு இன்னும் இதுதான்னா, அங்க சம்பாதிச்சதுக்கும் ஒஹாயோவும் நம்ம ஊரும் ஏப்ரல்ல வரிக் கணக்கு கேட்கும். சட்டத்துல பெரிய கேள்வியே, எங்க திரும்பி வர்றதா அவர் மனசுல இருக்குங்கறதுதான்" என்றாள். பிறகு பேனாவைத் திறந்தபடியே என்னைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வருஷம் உன்னோடு வாழ்ந்தும் அது எனக்கே தெரியாது என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை. பேனாவை மூடிவிட்டு, அவரையே கேட்டுச் சொல்லு என்றாள்.

அதனால் கேட்கிறேன். உன் பங்கு வரி எவ்வளவு ஆனாலும் நான் சமாளித்துக்கொள்வேன், அதற்காக யோசிக்காதே. வரிப் படிவத்தில் உன் நிரந்தர வீடு எது என்று எழுத வேண்டும், அதை மட்டும் சொல். எதைச் சொன்னாலும் உண்மையைச் சொல்.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்
நோரீன்