கூரான முதல் பல்

பிள்ளையின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நேற்று வேலூரில் அவனை டாக்டரிடம் காட்டினேன். இரண்டு வயதாகியும் பல் வராததற்கும், வெயிலில் வியர்க்காமல் உடம்பு கொதிப்பதற்கும் ஒரே காரணமாம். தாயின் வயிற்றில் குழந்தைக்குத் தாடை உருவாகும்போது மேல்தோலின் செல்கள் அடியிலுள்ள செல்களுக்குச் சேதி அனுப்புமாம், அவை பதில் அனுப்புமாம். அந்தப் பேச்சில்தான் பல்லின் இடமும் வடிவமும் முடிவாகுமாம். வியர்வைச் சுரப்பிகளுக்கும் அதே சேதிதான். இவனுக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை.

"இவங்கப்பா தோல் பதனிடுற டேனரியில இருந்தாரு. அந்த மருந்துத் தண்ணியாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பரம்பரையா வர்றது" என்றார். பிறகு, "நீங்க கொஞ்சம் சிரிங்க" என்றார். என் பல்லைப் பார்த்துவிட்டு, "உங்க வழியாத்தான் வந்திருக்கு" என்றார்.

ஆம்பூரில் வேலை முடிந்து வந்து, திரும்பத் திரும்ப சோப்புப் போட்டும் அவனைத் தூக்கப் பயந்தீர்களே. அந்தப் பயத்தில்தானே வேலையை விட்டு, எங்களையும் விட்டு ஓசூருக்குப் போனீர்கள். போதும். இனி கை கழுவாமலே தூக்கலாம்.

நான் சிரிக்கும்போது கையால் வாயை மூடுவதை வெட்கம் என்று கேலி செய்வீர்கள். மறைத்தது என் கூர்ப்பற்களை; அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நானும் நினைக்காமல் இருந்துவிட்டேன்.

இன்று காலை அவன் என் விரலைக் கடித்தான். முதல் பல் வந்துவிட்டது. கூராக இருக்கிறது, என்னுடையதைப் போலவே. வந்து அதைப் பாருங்கள். பார்த்த பிறகு, மறுபடி ஓசூர் பஸ் ஏறுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
அவன் அம்மா