லுங்கித் திரையும் கிளிஞ்சல் சுண்ணாம்பும்

என் தையல் மெஷின் மேல் உன் வீட்டுக்காரர் பாயின் லுங்கி கிடக்கிறது. பச்சைக் கட்டம் போட்டது, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன பருத்தி. பக்கத்தில் நீலக் கட்டத்தில் இன்னொன்று. நாம் அடித்த பழைய கொள்ளையில் மிச்சம் என்று நினைத்துவிடாதே. பாய் தன் கையாலேயே கொடுத்தார்! எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை. நகக்கண்ணில் வேறு சுண்ணாம்பு வாசனை. இனி உனக்கு எழுதாமல் எப்படி இருப்பேன்?

படுக்கையறையைப் புதுசாக்குகிறேன் என்று நான் செய்த கூத்து உனக்கு மறந்திருக்காது. சுவருக்குப் பளபளவென்று பெயிண்ட், தலைக்கு மேல் பிளாஸ்டிக் சீலிங், தரையில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, ஜன்னலுக்கு மினுமினுக்கும் திரை. ஊரே வந்து பார்த்தது. எனக்கோ அந்த வாரமே இழுப்பு அதிகமாகி, அடுப்படியில் பாய் போட்டுப் படுக்கவேண்டியதாயிற்று. சொந்த அறைக்குள் மூச்சுவிட முடியவில்லை.

நீ என்னைப் பார்க்க வந்தாய். இருபது வருஷமாக வில்லியனூரில் உங்கள் பெயிண்ட் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அறை வாசலில் நின்று மோந்து பார்த்தாய்.

"இன்னாடி ஸ்டெல்லா, இது வூடா, எங்க குடோனா?"

அப்புறம் ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்தாய். விரிப்பு, வெளியே. திரை, வெளியே. அம்மா வீட்டுச் சீதனமாக வந்த மரக்கட்டில் மட்டும் பாஸ். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "மூக்காலயே வூட்ட எட போட்டுடுவாங்க போல" என்று முணுமுணுத்தார். சீலிங்கைக் கழற்றியதும், அது மறைத்துவைத்திருந்த இரண்டு காற்றுத் துவாரங்கள் தெரிந்தன. அவற்றின் வழியாக வயல் காற்று சிலுசிலுவென்று வந்ததே, அதை மறக்க முடியுமா? கழற்றியதை நான் குப்பையில் போடப் போனபோது, "தூக்கிப் போட்டா ஊருக்குக் குப்படி, மாட்டுக் கொட்டாய்க்கு மேல போடு" என்று அதட்டினாய். மாடுகள் இன்றைக்கும் சினிமா வீட்டில்தான் வாழ்கின்றன.

பெயிண்டின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. நீயும் என் வீட்டுக்காரரும் மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு நான்கு நாள் சுவரைச் சுரண்டினீர்கள். தூசு ஆகாது என்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டாய். பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சி, ஒரு பிடி உப்பு சேர்த்து, நார் மட்டையால் மெல்லிசாக ஒரு பூச்சு பூசினாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுவரில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. "காயட்டும்டி, வெளுக்கும்" என்று சொல்லிவிட்டு நீ பஸ் பிடிக்கப் போனாய்.

நான் சும்மா இருந்தேனா? நீ தெரு திரும்புவதற்குள் தொட்டியின் அடியில் இருந்த கெட்டிச் சுண்ணாம்பை அள்ளி, தோசை மாவு மாதிரி மூன்று பூச்சு அப்பினேன். மறுநாள் காலையில் சுவர் வெள்ளைவெளேர் என்றிருந்தது. மத்தியானம் அப்பளம் அப்பளமாகக் கட்டில்மேல் விழுந்தது. நீ வந்து பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தாய், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "பூசத் தெரிஞ்சா போதாதுடி, சும்மா இருக்கவும் தெரியணும்" என்றாய். மறுபடி சுரண்டல், மறுபடி மெல்லிசாகப் பூச்சு. இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வெளுத்தது.

ஜன்னல் மொட்டையாக இருக்கிறதே என்றேன். அடுத்த நாளே பாயின் லுங்கிகள் நான்கோடு வந்து நின்றாய். தைத்து மாட்டினோம். வெயில் கட்டம் கட்டமாக உள்ளே விழுந்தது. அந்த வாரம்தான் என் கட்டிலில் படுத்து நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன். பாய் விஷயம் தெரியாமல் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜன்னலைப் பார்த்து, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது என்னுது இல்ல?" என்று கேட்டாரே! நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ திரும்பவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போனதற்கு உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகளுக்கு ஏழாம் மாசம்! குழந்தைக்கென்று கடை மாடியில் இருக்கிற அறைக்குப் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுமே அவளுக்குக் குமட்டித் தலை சுற்றியிருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன், உன் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நிற்கிறார். பெயிண்ட் கடை முதலாளி என்னிடம் கேட்கிறார்: "ஸ்டெல்லாம்மா, அந்தச் சுண்ணாம்பு எப்பிடி கலக்கறது?"

பழைய சுவர், பெயிண்டே பார்க்காதது. நேற்று நானே போய்ப் பூசினேன், மெல்லிசாக. பாய் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தார். "வெறும் தண்ணியா அடிச்ச?"

"காயட்டும் பாய், வெளுக்கும்."

நான் சொன்னேனா, நீ சொன்னாயா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். உள்ளே போய், பீரோவைத் திறந்து, இந்த இரண்டு லுங்கிகளோடு வந்தார்.

"அவ கைல மாட்டக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சிருந்தேன். ஜன்னலுக்குத் தச்சுக் குடும்மா."

இதோ, இப்போதுதான் உன் மருமகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, செவுரு வெளுத்துடுச்சு!" என்று கத்துகிறாள், பின்னால் பாயின் குரலும் கேட்கிறது. ஓரம் அடித்து முடித்துவிட்டேன். திரைகளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன். உன் பேரப்பிள்ளையின் அறை வாசலில் நின்று, நீ நின்ற மாதிரியே, முதலில் மோந்து பார்ப்பேன். நீ பாஸ் போட்ட பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பேன்.