பத்திரமாக வைத்திருக்கிறோம்

அன்புள்ள சுப்ரியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். கிழக்கேகோட்டையில் மழை விட்டபாடில்லை, அப்பாவுக்கு இருமல் திரும்பியிருக்கிறது. போனில் பேசினால் பெரியப்பாவுக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம்.

பெரியப்பாவின் முறுக்குக் கம்பெனிக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் நம் மாடியில் தங்கியிருக்கிறார்கள் அல்லவா, அவர்களுடைய ஆதார் கார்டுகளை அவர் பூஜையறை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். "தொலைச்சுடுவா, நம்மாத்துக் கொழந்தைகள் மாதிரி நாமதான் பாத்துக்கணும்" என்பார். உன் சர்டிபிகேட்டுகளும் அங்கேதான் இருந்தன, எனக்கும் அது அக்கறையாகத்தான் தெரிந்தது. வாசல் கேட்டையும் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். போன வாரம், முறுக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் லிபி என்ற பெண் வந்தாள், யாரையும் கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறோமா என்று பார்ப்பது அவள் வேலை. அவளுக்கு ஹிந்தி அரைகுறை, பள்ளியில் ஹிந்திப் பரீட்சை எழுதியவள் என்று என்னை மொழிபெயர்க்க உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும், கார்டைத் தரவில்லை, வாசல் கேட்டும் பூட்டியிருக்கிறது என்றாள் பூல்மணி என்கிற பெண். பெரியப்பா மெதுவாக, "லக்ஷ்மி, பாத்துச் சொல்லும்மா, ஆத்து விஷயம்" என்றார். அவள் சொன்னதை நான் ஒன்றும் விடாமல் லிபியிடம் சொன்னேன்.

"கார்டு இன்னைக்கே குடுக்கணும் சாரே, கேட்டையும் பூட்டக்கூடாது, கேட்டோ" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு லிபி போனாள். கார்டு கிடைத்தது. அவள் தலை மறைந்ததும் பெரியப்பா, "தீபாவளி ஆர்டர் முடியற வரைக்கும் கேட்டைத் திறக்கப்படாது, திறந்தா நீ வேற ஆம் பாத்துக்கோ" என்றார். நாம் இருப்பது அவர் வீடு. அப்பாவோ, "அண்ணா சொன்னா கேட்டுக்கோயேன்" என்கிறார். பூல்மணி தினமும் காலையில் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டருகே வந்து நிற்கிறாள், என்னை ஒன்றும் கேட்பதில்லை, கேட்டுவிட்டால்கூடத் தேவலை. சாவி என்னிடம் இருக்கிறது, ஆனாலும் இந்த வீட்டிலிருந்து வெளியேற எனக்கே வழி தெரியவில்லை.

நாளைக் காலை ஆட்டோ வேலப்பனை வரச் சொல்லியிருக்கிறேன். பூல்மணியை ரயில் ஏற்றிவிட்டு லிபிக்குப் போன் செய்வேன், அப்புறம்தான் அப்பாவிடம் சொல்வேன். கேட்டை மறுபடி பூட்டுவதாக இல்லை. எங்கே குடியிருப்போம் என்று தெரியாது, நீ அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

பத்மநாபன் உன்னைக் காப்பாற்றட்டும். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிக்கொள். இன்னொன்று, உன் பாஸ்போர்ட்டை ஆபீஸில் பத்திரமாக வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று போன புதிதில் சொன்னாய், நானும் சந்தோஷப்பட்டேன். அதை உடனே கேட்டு வாங்கு. தரமாட்டோம் என்றால் அதையும் எனக்குச் சொல்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
அனந்தலக்ஷ்மி