வாய் திறக்காத எழுத்துகள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மாடி ஏறும்போது முரண்டு பிடிக்கிறது. நீயும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீ அனுப்பிய இங்கிலீஷ் ஸ்பெல்லிங் புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் சலவைக்கூடத்துக்குப் புது மேலாளர் வந்ததைச் சொன்னேன் அல்லவா, ஷிப்ட் மாறும்போது மெஷின் பக்கத்தில் நின்று பேசக்கூடாது, எதுவானாலும் பலகையில் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார். கூட்டத்தில் யாரும் பேசத் தயங்குகிற விஷயத்தை ‘அறைக்குள் நிற்கும் யானை’ என்றார், எப்போதும் பாடிக்கொண்டே துணி தேய்ப்பாளே, எங்கள் பாட்டுக்காரி, அவள் என் காதில், "அக்கா, யானைய எந்த மெஷின்ல போட்டுத் துவைக்கிறது?" என்றாள். நானும் காலேஜில் இங்கிலீஷ் படித்தவள்தான், இன்றைக்கும் அந்த மொழியில் கத்தி என்று எழுதப் போனால் முன்னால் ஒலிக்காத அந்த வெட்டி ‘கே’ எழுத்தை வைத்தேனா என்று கை நின்றுவிடுகிறது. வாயே திறக்காத எழுத்துக்கு அங்கே நிரந்தர உத்தியோகம், வாயைத் திறக்கிற எங்கள் ஆட்களுக்கு மெமோ.

பாட்டுக்காரி ஒருநாள் பலகையில் எழுதியதைச் சிவப்பு மையால் வட்டம் வட்டமாகச் சுழித்து, போட்டோ எடுத்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார் அந்த மனிதர். அதன்பிறகு அவள் எது நடந்தாலும் ‘குட்’ என்று மட்டும் எழுதினாள். போன வாரம் தேய்க்கும் மெஷினின் மூடி தானாக நழுவி இறங்குவதைக் கவனித்திருக்கிறாள், அதை இங்கிலீஷில் எழுதத் தெரியவில்லை, நின்று சொல்லவும் கூடாது, ‘குட்’ போட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுத்த ஷிப்டுக்கு வந்த பெண்ணின் கைமேல் அந்தச் சூட்டு மூடி இறங்கி, கை வெந்துவிட்டது. விரல்கள் பிழைத்தன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அவள ஒண்ணும் சொல்லாதீங்கக்கா, நானா இருந்தாலும் அதத்தான் எழுதியிருப்பேன்" என்றாள் அந்தப் பெண். மேலாளரோ, பாட்டுக்காரி வேண்டுமென்றே மறைத்தாள் என்று அறிக்கை தயாரித்து, சூப்பர்வைசரான என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார். போட்டால் அவளுக்கு வேலை இல்லை. போனில் நீயும், "உனக்கெதுக்கும்மா வம்பு, போட்டுக் குடுத்துட்டுப் போயேன்" என்றாய். உன் பயம் புரிகிறது கண்ணு, ஆனால் வெந்தது எனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்ணின் கை, இது என் வம்புதான்.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி, தலை நிமிர்ந்து வாழ வேண்டும். கடைவாய்ப் பல்லை இந்த மாதமாவது டாக்டரிடம் காட்டு, மாத்திரையிலேயே காலம் தள்ளாதே.

நாளைக்கு விசாரணை. அவர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். மூடி பழுது, அதைச் சொல்லவிடாதது அவர் போட்ட சட்டம் என்று தமிழில் எழுதி, முதலாளி கையிலேயே கொடுக்கப் போகிறேன். என் வேலையும் போகலாம், போகட்டும். அப்பாவுக்குக்கூட இன்னும் தெரியாது.

உன் அம்மா