வயசைச் சொன்ன அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காலை பழங்காநத்தம் சலூனில் முடிவெட்ட உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தலைச்சாயம் குழைத்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, உங்களுக்கும் அடிச்சிரவா?" என்றார் கடைக்காரர். அவருக்கு நம் கதை எங்கே தெரியும்?

நூல் மில்லை மூடிய பிறகு நாம் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஐம்பதைத் தாண்டியாச்சு என்றதும், "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். மில்லில் இருந்தபோதே லீவு கேட்கக்கூட நம் ஆட்கள் தனியாகப் போக மாட்டார்கள்; பேசத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு இழுத்துப் போவார்கள். எனக்கு எப்போதும் நீங்கள்தான்.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூடைக் கணக்குப் பார்க்க ஆள் தேவை என்று தெரிந்தது. விடிந்ததும் விடியாததுமாக என் தலைக்கும் மீசைக்கும் நீங்களே சாயம் அப்பினீர்கள். "இப்பப் பாத்தா பொண்ணு குடுக்க வந்துருவாங்க தம்பி!" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சரியாக அலசவில்லை. சித்திரை வெயில், பஸ்ஸில் நெரிசல். முதலாளியம்மா முன்னால் போய் நின்றபோது காதோரம் கறுப்பாக வழிந்து சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது.

அவர் சின்ன வயதுக்காரர். "வயசு எம்புட்டுண்ணே?" என்று கேட்டார். இந்த வேலையும் போனது என்றே நினைத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"அம்பத்திநாலும்மா. சாயம் அடிச்சுவிட்டது நாந்தேன். திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க, வேலைய இவனுக்குக் குடுங்க."

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குழாயைக் காட்டி, "மூஞ்சியக் கழுவுங்க. நாளைக்கே வந்துருங்க" என்றார்.

திரும்பி வரும்போது, "உங்களுக்கும்தானே வேலை இல்ல, ஏண்ணே கேக்கல?" என்றேன்.

"இருக்குறது ஒரு எடம். ரெண்டு பேரும் கேட்டா ரெண்டு பேரையும் வெரட்டிருவாங்க. எனக்குன்னு ஒண்ணு வராமயா போகும்?"

வந்ததே! கல்யாண மண்டபத்தில் சமையல் சாமான்கள் அத்தனைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. பந்திக்கு முன்பே ருசி பார்த்துத் தொப்பை வளர்த்தீர்கள். போன தை மாதம் நீங்கள் கண்ணை மூடியபோது சமையல்காரர்கள் எல்லாம் தேம்பி அழுதார்கள். நானும்தான்.

ஆலையில் இப்போது ஆள் எடுப்பது என் பொறுப்பு. போன வாரம் ஒருவர் வேலை கேட்டு வந்தார். ஏதோ ஒரு கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். வயதைக் கேட்டதும் குனிந்துகொண்டு வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"நல்லா சத்தமாச் சொல்லுங்க. இங்க வயசு ஒண்ணும் குத்தமில்ல" என்றேன்.

நிமிர்ந்து சொன்னார். என்னைவிடச் சின்னவர்தான். திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், அண்ணே.