காஞ்சனபுரிக்கு நாலு நாள்

தி. நகர்
3 செப்டம்பர் 2025

அஸ்வினுக்கு அப்பா எழுதுவது.

நல்லா இருக்கியான்னு கேக்கிற யோக்கியதை எனக்கு இருக்கான்னு தெரியல. கேட்டு வைக்கேன். போன் பண்ணினா ரெண்டாவது வார்த்தையிலேயே நீயும் நானும் சண்டைக்கு நின்னுருவோம், அதான் பேனாவை எடுத்தேன்.

உங்க அம்மாவுக்கு இருதயம் ரொம்பத் தளர்ந்து போச்சு. ஆபரேஷன் தாங்காதுன்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். அவ கேக்கிறது ஒண்ணுதான். உன்னையும் உன் பிள்ளையையும் நேர்ல பாக்கணும். மீனா படத்தை போன்ல பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துக்கிட்டே இருக்கா. ஒரு எட்டு வந்துட்டுப் போலே.

சிதம்பரநாதன்

*

காஞ்சனபுரி, தாய்லாந்து
17 செப்டம்பர் 2025

அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து ஆறு வருஷம். கவரைப் பிரிக்கவே பயமாக இருந்தது.

நான் வர மாட்டேன் அப்பா. கல்யாணம் ஆன கையோடு மாலியைக் கூட்டி வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிடுவீர்கள் என்று நின்றாள். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது, கதவு புரிந்தது. அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வாருங்கள். மூன்றரை மணி நேர விமானம்தான்.

அம்மாவுக்குத் தோதாக வழி போட்டிருக்கிறேன். முதல் நாள் பாங்காக்கிலிருந்து காரில் நேரே எங்கள் வீடு. சாயங்காலம் ஆற்றுப் பாலத்தில் ரயில் பார்க்கலாம். மறுநாள் ஏராவான் அருவி. ஏழு அடுக்கு இருக்கிறது, அம்மாவுக்குக் கீழ் அடுக்கு போதும். மீனாவோடு காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். மூன்றாம் நாள் மலைப்பக்கம், சங்க்லாபுரி. அங்கே ஏரிமேல் நீளமான மரப்பாலம். காரில் நாலு மணி நேரம் ஆகும், அதனால் நடுவில் தோங் பா பூமில் அறை எடுக்கிறேன், மத்தியானம் அம்மா தூங்கலாம். நாலாம் நாள் திரும்பிவிடலாம். மாலி சாம்பார் கற்றுக்கொள்கிறாள். சுமாராகத்தான் வருகிறது.

அஸ்வின்

*

தி. நகர்
4 அக்டோபர் 2025

அஸ்வினுக்கு,

படிச்சுக் கோவம் வந்தது. நீ எழுதினதுல பொய் இல்லைங்கிறதால கூடக் கொஞ்சம் வந்தது.

வாரோம். தீபாவளி வியாபாரம் முடியட்டும், நவம்பர் 20 டிக்கெட். "போறதுன்னா இந்த வருஷத்துக்குள்ள போங்க, அடுத்த வருஷம் என்கிட்டக் கேக்காதீங்க"ன்னுட்டார் டாக்டர். அவளுக்குப் பாஸ்போர்ட்டும் வாங்கியாச்சு. உன் வழியை ஒரு அட்டையில எழுதி பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கா. வாரவங்ககிட்டயெல்லாம் "தோங் பா பூம்"னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கா.

அருவிகிட்ட கக்கூஸ் உண்டான்னு விசாரி. மாலிக்கு என்ன கலர் சேலை பிடிக்கும்னு அம்மா கேக்கா. நான் கேக்கல. ஆனா சொன்னா, கடையில நல்லதா எடுத்து வைப்பேன்.

சிதம்பரநாதன்

*

தி. நகர்
22 நவம்பர் 2025

அஸ்வினுக்கு,

பாங்காக் ஏர்போர்ட்ல பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நின்னேன்னு போன்ல கத்தினியே, என்ன நடந்ததுன்னு எழுதுதேன்.

கடைக்கு பில் மிஷின் வாங்கினாலும் வண்டி வாங்கினாலும் சந்தனம் குங்குமம் வைக்காம நான் தொட்டது கிடையாது. கிளம்புற அன்னிக்குக் காலையில அவ பாஸ்போர்ட்டை முருகன் முன்னால விரிச்சு வச்சு, போட்டோ இருக்கிற பக்கத்துல நாலு மூலையிலயும் வச்சேன். நல்லபடியாப் போய்ச் சேரணும்னு கொஞ்சம் தாராளமாவே வச்சுட்டேன். மூடிப் பையில போட்டதுல அவ முகமெல்லாம் அப்பிக் காஞ்சு கிடந்தது. கியூவுல நிக்கும்போது பாத்துப் பதறிப்போய்ச் சாவியால சுரண்டினேன். மேல இருந்த தாளும் சேர்ந்து உரிஞ்சிட்டு. கவுண்டர்ல இருந்த பொண்ணு, "சார், இது கிழிஞ்ச பாஸ்போர்ட், ஏத்த முடியாது"ன்னுட்டா.

அம்மா வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு, "விடுங்க, வீட்டுக்குப் போவோம்"னா.

புதுசுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, ஒரு மாசமாவது ஆகுமாம். அவ்வளவு நாள் நம்ம கையில இல்லலே. என்மேல உள்ள கோவத்தை என்மேலயே வச்சுக்கோ. மாலியையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. வாசல்ல நின்னு நானே கூப்பிடுதேன்.

சிதம்பரநாதன்

*

காஞ்சனபுரி
3 டிசம்பர் 2025

அப்பாவுக்கு,

நாற்பது வருஷமாகப் பட்டுச் சேலையில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் மடித்துக் கொடுக்கிறவர் நீங்கள். பாஸ்போர்ட்டில் சந்தனம் அப்பினீர்கள், சாவியால் சுரண்டினீர்கள் என்றால் நான் நம்ப வேண்டுமா? நான் தோற்றுப்போய் அந்த வாசலுக்கு வர வேண்டும், அவ்வளவுதானே?

புதுப் பாஸ்போர்ட் வரட்டும். அறைகளை ஜனவரிக்கு மாற்றிவிட்டேன். அதே வழிதான். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அஸ்வின்

*

காஞ்சனபுரி
19 ஜனவரி 2026

அன்புள்ள அப்பா,

அம்மாவின் காரியம் முடிந்து இங்கே வந்ததிலிருந்து எதுவும் ஓடவில்லை. டிசம்பர் 16 அன்று செய்தி வந்ததும் எப்படியோ எட்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்தோம். அத்தனை கூட்டத்தில் நீங்கள் எழுந்து வந்து மாலியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனீர்கள். அப்போதுதான் தெரிந்தது, சந்தனத்தை நீங்கள் வேண்டுமென்று அப்பவில்லை என்று. அபாண்டமாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்களாவது வாருங்கள் அப்பா. அதே நாலு நாள். மீனா தாத்தா எப்போது வருவார் என்கிறாள்.

அஸ்வின்

*

தி. நகர்
2 பிப்ரவரி 2026

அன்புள்ள அஸ்வினுக்கு,

நம்பிட்டேன்னு எழுதியிருக்க. சரி.

கடைசி ரெண்டு நாள் வாசல்ல லிப்ட் கதவு சத்தம் கேக்கும்போதெல்லாம் "அஸ்வினா பாருங்க"ன்னா. நானும் ஒவ்வொரு தரமும் போய்ப் பாத்துட்டு வந்து, "கிளம்பிட்டானாம், வந்துக்கிட்டு இருக்கான்"னு பொய் சொன்னேன். அவ போன பொறகு எட்டு மணி நேரத்துல வந்துட்டியேலே. அந்த எட்டு மணி நேரம் உனக்கு முன்னாடியே இருந்ததுதானே. இதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது, கெடுத்தது என் கை. ஆனாலும் உன் முகத்தைப் பாத்தா எனக்கு அதுதான் ஓடும். உனக்கும் என்னைப் பாத்தா அப்படித்தான் இருக்கும்.

நான் வரல. அவ ஆசையைக் கெடுத்த ரெண்டு பேரும் அவளுக்குன்னு போட்ட வழியில ஒரே கார்ல எப்படி உக்காந்து போறது?

மாலியையும் பிள்ளையையும் நல்லா வச்சுக்கோ. இனிமே எனக்குக் கடிதம் போடாத. வந்தா பிரிச்சுப் படிச்சிருவேன். படிச்சா வரணும்னு தோணும்.

அப்பா